தையல்காரர் வீட்டுப் பையனும் உங்க கிராபிக்ஸ் கார்டும்



ஸ்வீட் ஹோம் 3டி, ஸ்கெட்ச்அப், பிளெண்டர்னு ஏதாவது ஒண்ணுல வீட்டு டிசைன் போட்டுப் பார்த்திருக்கீங்களா? அப்போ இந்தக் கட்டம் உங்களுக்கு நல்லாவே தெரிஞ்சிருக்கும். சுவர் வெச்சாச்சு, சோபா போட்டாச்சு, ஜன்னல் வழியா வெயிலும் விட்டாச்சு. ரெண்டர் பட்டனைத் தட்டினதும் லேப்டாப் ஃபேன் கத்த ஆரம்பிக்கும். படம் கட்டம் கட்டமா, ஆடி அசைஞ்சு வரும். பக்கத்துல இருக்கிற யாராவது ஒருத்தர், இதுக்கெல்லாம் நல்ல கிராபிக்ஸ் கார்டு வேணும்னு தீர்ப்பு சொல்லிடுவார். அன்னிக்கு ராத்திரியே வீட்டுக்கு போன் போட்டு, ஒரு லட்சம் ரூபாயை எப்படிக் கேக்கறதுன்னு யோசிக்க ஆரம்பிச்சிடுவோம்.

அந்த போனைப் போடறதுக்கு முன்னாடி ஒரு மனிதரைப் பத்தித் தெரிஞ்சுக்கோங்க. அவர் கம்ப்யூட்டரைப் பார்த்ததில்லை. மின்சார பல்பைக்கூடப் பார்த்ததில்லை. ஆனா உங்க ரெண்டர்ல அந்த வெள்ளைச் சுவர் எந்த இடத்துல எவ்வளவு பிரகாசமா தெரியணும்னு கணக்குப் போடறப்போ, சாஃப்ட்வேர் இன்னிக்கும் அவரோட விதியைத்தான் பயன்படுத்துது. மாயா மாதிரி சாஃப்ட்வேர்ல அவர் பெயர்லயே ஒரு மெட்டீரியல் இருக்கு. கெமிஸ்ட்ரியில நாம படிச்ச பீர்-லாம்பர்ட் விதி ஞாபகம் இருக்கா? அந்த லாம்பர்ட்தான் இவர். முழுப்பெயர் யோஹான் ஹைன்ரிக் லாம்பர்ட்.

பன்னிரண்டு வயசுல நின்ன படிப்பு

1728 ஆகஸ்ட் 26 அன்று முலூஸ் நகரத்தில் லாம்பர்ட் பிறந்தார். இன்று பிரான்ஸில் இருக்கும் அந்த ஊர் அப்போது ஒரு தனி நகர அரசு. சுவிஸ் நாட்டோடு கூட்டணியில் இருந்தது. அப்பா தையல்காரர். வீட்டில் பிள்ளைகள் நிறைய, வருமானம் கொஞ்சம். பன்னிரண்டு வயதில் பள்ளிக்கூடத்தை விட்டுவிட்டு அப்பாவோடு துணி தைக்க உட்கார்ந்தார். படிப்பெல்லாம் வேலை முடிந்த பிறகுதான். கணக்கு, வானியல் எல்லாமே கிடைத்த புத்தகத்திலிருந்து தானாகக் கற்றுக்கொண்டது.

கையெழுத்து நன்றாக இருந்ததால் பதினைந்து வயதில் ஓர் இரும்பு ஆலையில் எழுத்தர் வேலை கிடைத்தது. பதினேழு வயதில் பாசல் நகரத்தில் ஒரு பத்திரிகை ஆசிரியருக்கு உதவியாளர் ஆனார். 1748-ல், இருபது வயதில், சுவிட்சர்லாந்தின் கூர் நகரத்தில் இருந்த ஃபான் சாலிஸ் என்ற பிரபுக் குடும்பத்தில் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக்கொடுக்கும் வேலை. அங்கேதான் அவர் வாழ்க்கை திரும்பியது. அந்த வீட்டில் ஒரு பெரிய நூலகம் இருந்தது. பகலில் பிள்ளைகளுக்குப் பாடம், மற்ற நேரமெல்லாம் நூலகம். வானத்தைப் பார்க்கத் தேவையான கருவிகளைத் தானே செய்துகொண்டார். பிறகு தன் மாணவர்களோடு கோட்டிங்கன், யூட்ரெக்ட், பாரிஸ் என்று ஐரோப்பாவைச் சுற்றி, அந்தந்த ஊர் அறிஞர்களைச் சந்தித்தார். காலேஜ் டிகிரி கடைசி வரைக்கும் கிடையாது.

பிளான் இல்லாம வரைஞ்ச அறை

1759-ல் ஜூரிக்கில் பெர்ஸ்பெக்டிவ் பற்றி அவர் எழுதிய புத்தகம் வந்தது. ஒரு கட்டடத்தையோ அறையையோ கண்ணுக்குத் தெரிகிற மாதிரி வரைய, அதற்கு முன்னால் தரைப்படம் போட்டுக்கொண்டு அதிலிருந்து கோடு இழுத்து வருவதுதான் வழக்கமான முறை. தரைப்படமே போடாமல் நேரடியாக அந்தக் காட்சியை எப்படி வரைவது என்று லாம்பர்ட் வழி சொன்னார். எந்தக் கோடு எந்தப் புள்ளியில் போய்ச் சேரும், தூரத்தில் இருக்கிற நாற்காலி எவ்வளவு சிறியதாகத் தெரியும் என்பதெல்லாம் அவருக்கு ஜியோமெட்ரி கணக்கு.

உங்க சாஃப்ட்வேர்ல சுவரை இழுக்கறப்போ, கேமராவைத் திருப்பறப்போ திரையில நடக்கிறதும் இந்த வேலைதான். ஒவ்வொரு மூலையும் திரையில எங்கே விழும்னு கணக்குப் போடணும், அவ்வளவே. இது லேசான வேலை. சாதாரண லேப்டாப்ல பிராசஸரோடயே சேர்ந்து வர்ற கிராபிக்ஸ், ஒரு மூணு பெட்ரூம் வீட்டுக்குத் தாராளமா போதும். மாடலிங்ல நிறைய வேலைகள் ஒரே கோர்லதான் ஓடும். அதனால இங்கே கோர் எண்ணிக்கையைவிட ஒரு கோரோட வேகம்தான் முக்கியம். டிசைன் பண்றப்போ எந்தத் தடங்கலும் இல்லை, ரெண்டர் மட்டும்தான் லேட் ஆகுதுன்னா, உங்க மெஷின் பாதி வேலையை ஒழுங்கா செய்யுதுன்னு அர்த்தம். மீதிப் பாதியை அடுத்து பார்ப்போம்.

மெழுகுவர்த்தியும் வெள்ளைப் பரப்பும்

1760-ல் அவுக்ஸ்பர்க் நகரத்தில் லத்தீன் மொழியில் ‘ஃபோட்டோமெட்ரியா’ வெளிவந்தது. லாம்பர்ட்டுக்கு வயது 32. வெளிச்சத்தை அளப்பதற்கான புத்தகம் அது. முழு ஆங்கில மொழிபெயர்ப்பு வர 2001 வரை ஆனது என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

வெளிச்சத்தை அளக்கணும்னா இன்னிக்கு போன்லயே ஒரு ஆப் இருக்கு. அவரிடம் இருந்தது மெழுகுவர்த்திகள், சில கண்ணாடிகள், லென்ஸ்கள், வெள்ளைப் பரப்புகள், அப்புறம் தன் கண். கண்ணுக்கு ஒரு குறை உண்டு. ஒரு வெளிச்சம் இன்னொன்றைவிட இரண்டு மடங்கா, மூன்று மடங்கா என்று அதனால் சொல்ல முடியாது. ஆனால் பக்கத்தில் பக்கத்தில் இருக்கிற இரண்டு பரப்புகள் ஒரே அளவு பிரகாசமா, இல்லையா என்பதைத் துல்லியமாகச் சொல்லிவிடும். லாம்பர்ட் அதைப் பிடித்துக்கொண்டார். இரண்டு பரப்புகளைத் தனித்தனி விளக்கால் ஒளியேற்றி, இரண்டும் ஒன்றுபோலத் தெரிகிற வரை விளக்கை நகர்த்துவார். பிறகு தூரத்தை அளப்பார், கோணத்தை அளப்பார். மற்றதெல்லாம் கணக்கு.

அதில் இரண்டு விதிகள் உறுதியாயின. விளக்கு இரண்டு மடங்கு தூரம் போனால், சுவரில் விழும் வெளிச்சம் கால் பங்காகக் குறையும். வெளிச்சம் நேராக விழாமல் சாய்ந்து விழுந்தால், அந்தக் கோணத்தின் கொசைன் அளவுக்குக் குறையும். 60 டிகிரி சாய்ந்தால் பாதி. சுண்ணாம்பு அடித்த சுவர் போன்ற பளபளப்பில்லாத பரப்பை எந்தப் பக்கத்திலிருந்து பார்த்தாலும் ஒரே பிரகாசமாகத் தெரியும் என்பதும் அவர் கணக்கில் வருவதுதான். ஒளிபட்ட ஒரு பரப்பு தானே ஒரு விளக்கைப் போல இன்னொரு பரப்புக்கு எவ்வளவு வெளிச்சம் தரும் என்பதையும் அவர் கணக்கிட்டார்.

இந்தக் கடைசி விஷயம்தான் உங்க ஃபேனைக் கத்த வைக்குது. ஜன்னல் வழியா வர்ற வெயில் தரையில பட்டு, தரையிலிருந்து சுவருக்கு, சுவரிலிருந்து சோபாவுக்குப் போகும். இப்படி எல்லா பரப்பும் எல்லா பரப்புக்கும் வெளிச்சம் தர்றதைக் கம்ப்யூட்டர்ல போட்டுக் காட்டின ஆராய்ச்சிக் கட்டுரை 1984-ல் கார்னெல் பல்கலைக்கழகத்துல இருந்து வந்தது. இன்னிக்கு நாம பயன்படுத்தற பாத் டிரேசிங்குக்கு அடிப்படையான சமன்பாட்டை ஜிம் கஜியா 1986-ல் எழுதினார். அந்தச் சமன்பாட்டுக்கு உள்ளேயும் லாம்பர்ட்டோட கொசைன் உட்கார்ந்திருக்கு.

இப்போ ஒரு சின்ன கணக்கு. 1920 × 1080 அளவுல ஒரு படம்னா 20,73,600 பிக்சல். ஒவ்வொரு பிக்சலுக்கும் 256 கதிர் அனுப்பறோம்னு வெச்சுக்கோங்க. மொத்தம் சுமார் 53 கோடி கதிர். ஒவ்வொரு கதிரும் நாலு இடத்துல பட்டுத் தெறிச்சா, சுமார் 212 கோடி தடவை அந்தக் கொசைன் பெருக்கல் நடக்கணும். ஒரு பெருக்கல் ஒண்ணுமே இல்லை. 212 கோடி தடவை செய்யறதும், ஒவ்வொரு தடவையும் கதிர் எந்தப் பொருள் மேல பட்டதுன்னு தேடறதும்தான் நேரத்தைத் தின்னுது.

நல்ல விஷயம் என்னன்னா, ஒரு பிக்சலோட கணக்கு அடுத்த பிக்சலுக்காகக் காத்திருக்க வேண்டாம். எத்தனை பேர் வேலை செஞ்சாலும் பிரிச்சுக் கொடுக்கலாம். எட்டு கோர் பிராசஸர்னா எட்டு நல்ல கொத்தனார். கிராபிக்ஸ் கார்டுன்னா ஆயிரக்கணக்கான சித்தாள். ஒவ்வொருத்தரும் தனியா மெதுவா செஞ்சாலும், ஒரே மாதிரி சின்ன வேலைன்னா கூட்டம்தான் ஜெயிக்கும். 2018-ல் வந்த ஆர்டிஎக்ஸ் 20 வரிசையிலிருந்து, கதிர் எங்கே பட்டதுன்னு தேடறதுக்கே தனிப் பகுதியும் சில கார்டுகள்ல இருக்கு.

ஆனா ஒண்ணு கவனிங்க. அந்தக் கூட்டத்தைக் கூப்பிட உங்க சாஃப்ட்வேருக்குத் தெரியணும். ஸ்வீட் ஹோம் 3டி உயர்ந்த தரத்துல போட்டோ எடுக்கறது பிராசஸர்லதான். நீங்க எவ்வளவு பெரிய கிராபிக்ஸ் கார்டு போட்டாலும் அந்தப் போட்டோ ஒரு நிமிஷம்கூட முன்னாடி வராது. அங்கே வேண்டியது கோர். பிளெண்டரோட சைக்கிள்ஸ் ரெண்டும் பயன்படுத்தும், வி-ரேயிலும் ரெண்டு வழியும் இருக்கு. இவங்களுக்கு கார்டு நிஜமாவே நேரத்தைக் குறைக்கும். லூமியன், என்ஸ்கேப் மாதிரி உடனுக்குடன் காட்டற சாஃப்ட்வேர்னா தனி கிராபிக்ஸ் கார்டு இல்லாம ஆரம்பிக்கவே வேண்டாம்.

இன்னொரு கணக்கும் மனசுல வெச்சுக்கோங்க. படத்துல உப்பு தூவின மாதிரி புள்ளி புள்ளியா வருதே, அந்த இரைச்சலைப் பாதியாக்க கதிர் எண்ணிக்கையை நாலு மடங்காக்கணும். அதாவது நாலு மடங்கு நேரம், இல்லேன்னா நாலு மடங்கு வேகமான மெஷின். பிளெண்டர்ல இருக்கிற டீநாய்ஸரை ஆன் பண்ணினா, குறைஞ்ச கதிர்லயே பெரும்பாலான புள்ளிகள் போயிடும். அது ஓசி. கடைக்குப் போறதுக்கு முன்னாடி இதைச் செஞ்சு பாருங்க.

அரசருக்குப் பிடிக்காத ஆள்

1764-ல் லாம்பர்ட் பெர்லின் வந்தார். பிரஷ்யாவின் அரசர் இரண்டாம் ஃபிரெடரிக்கைச் சந்தித்தார். சந்திப்பு சரியாகப் போகவில்லை. பிரெஞ்சு நாகரிகத்தில் ஊறிய அரசருக்கு, இந்தத் தையல்காரர் மகனின் தோற்றமும் பழக்கமும் விசித்திரமாகப் பட்டன. இவர் வேண்டாம் என்று ஒதுக்கிவிட்டார். ஆனால் அகாடமியில் இருந்த அறிஞர்களுக்கு அவர் எழுதியது என்னவென்று தெரியும். 1765 ஜனவரியில் அவர் பெர்லின் அகாடமி உறுப்பினர் ஆனார். ஆய்லர், அவருக்குப் பின் லாக்ராஞ்ச் என்று நம் கணக்குப் புத்தகத்தில் வருகிற பெயர்களெல்லாம் அங்கே அவருக்குச் சக ஊழியர்கள்.

வெளியே பார்த்து எடை போடுகிற பழக்கம் அரசருக்கு மட்டுமா? லேப்டாப் கடையில நாமளும் அதைத்தான் செய்யறோம். கலர் கலரா லைட் எரியற கீபோர்டு, மூடி மேல பெரிய லோகோ, ஸ்டிக்கர்ல ஒரு நம்பர். ஒரே பெயர் உள்ள கார்டு எல்லா லேப்டாப்லயும் ஒண்ணுதான்னு நினைக்காதீங்க. ஆர்டிஎக்ஸ் 4060 லேப்டாப் கார்டையே எடுத்துக்கோங்க. அதுக்குக் கொடுக்கிற மின்சாரம் மாடலைப் பொறுத்து 35 வாட்டிலிருந்து 115 வாட் வரை மாறும். ஸ்டிக்கர் ஒண்ணு, வேகம் வேற. வாட் எவ்வளவுன்னு கேட்டு வாங்குங்க.

மெமரியும் அப்படித்தான். 4096 × 4096 அளவுள்ள ஒரு டெக்ஸ்சர், அதாவது ஒரு மரப்பலகைப் படமோ டைல்ஸ் படமோ, கார்டு மெமரியில சுருக்கம் இல்லாம சுமார் 64 எம்பி எடுக்கும். ஐம்பது படம் போட்டா 3 ஜிபிக்கு மேல. 4 ஜிபி கார்டு அதோட மூச்சு வாங்கும். இடம் தீர்ந்துபோனா ரெண்டர் நின்னுபோகும், இல்லேன்னா படுத்துடும். வேகம் குறைஞ்ச கார்டு லேட்டா முடிக்கும். மெமரி குறைஞ்ச கார்டு முடிக்காமலே விட்டுடும். அதனால கார்டுல ரெண்டு சாய்ஸ் வந்தா, கொஞ்சம் வேகம் குறைஞ்சாலும் 8 ஜிபி உள்ளதை எடுங்க. மெஷினோட ராம் 16 ஜிபி இருக்கட்டும். எஸ்எஸ்டி ஃபைலைச் சீக்கிரம் திறக்கும், ரெண்டரைச் சீக்கிரம் முடிக்காது. கார்டை மாத்த முடியாத நிலைமைன்னா சோபா துணிக்கு எதுக்கு 4096? 1024 போடுங்க. 64 எம்பி 4 எம்பி ஆயிடும். தூரத்துல இருக்கிற சோபாவுல யாருக்கும் வித்தியாசம் தெரியாது.

நிறமும் சூடும்

பெர்லினில் லாம்பர்ட் உட்கார்ந்து ஓய்வெடுக்கவில்லை. பன்னிரண்டு வருடத்தில் 150-க்கும் மேற்பட்ட ஆக்கங்கள். பை என்பது எந்தப் பின்னத்தாலும் முழுதாகச் சொல்ல முடியாத எண் என்று 1760-களில் முதன்முதலாக நிரூபித்தவர் அவர்தான். வரைபடம் போடுகிறவர்கள் இன்றும் பயன்படுத்தும் லாம்பர்ட் புரொஜெக்‌ஷன் 1772-ல் வந்தது. அதே 1772-ல், பெஞ்சமின் கலாவ் என்ற ஓவியரின் மெழுகு வண்ணத்தை வைத்து ஒரு நிறப் பிரமிடு செய்தார். சிவப்பு, மஞ்சள், நீலம் என்று மூன்றே சாயங்கள். எது எவ்வளவு கலந்தால் எந்த நிறம் வரும் என்பதை அடுக்கடுக்காகக் காட்டினார். ஒரு துணிக்காரர் தன் சரக்கின் நிறத்தைச் சரியாகச் சொல்ல அது பயன்பட வேண்டும் என்பது அவர் எண்ணம்.

கிளையண்டுக்கு நீங்க காட்டற சுவர் நிறமும் இதே பிரச்சினைதான். விலை குறைஞ்ச நிறைய லேப்டாப் திரைகள்ல 45 சதவீதம் என்டிஎஸ்சின்னு போட்டிருக்கும். அதுல சிவப்பு வெளுத்துத்தான் தெரியும். நீங்க அதுக்கு ஏத்த மாதிரி கலரைக் கூட்டி வெச்சா, இன்னொரு திரையில அந்த ஹால் கல்யாண மண்டபம் மாதிரி ஜொலிக்கும். 100 சதவீதம் எஸ்ஆர்ஜிபின்னு போட்ட திரை வாங்குங்க. கார்டுல ஒரு படி இறங்கினாலும் பரவாயில்லை.

அவரது கடைசி வேலை சூட்டைப் பற்றியது. வெப்பத்தை எப்படி அளப்பது என்று ‘பைரோமெட்ரி’ என்ற புத்தகத்தை எழுதி முடித்தார். சில மாதங்களில், 1777 செப்டம்பர் 25 அன்று, காசநோயால் பெர்லினில் இறந்தார். வயது 49. புத்தகம் 1779-ல்தான் அச்சில் வந்தது.

சூட்டைப் பத்தி நாமளும் யோசிக்கணும். ரெண்டர் ஒரு கேம் மாதிரி ஏறி இறங்கற வேலை கிடையாது. ஒரு மணி நேரம்னா ஒரு மணி நேரமும் நூறு சதவீதம். மெல்லிசான லேப்டாப் சூடு தாங்காம தானே வேகத்தைக் குறைச்சுக்கும். மே மாசம், ஏசி இல்லாத ஹாஸ்டல் ரூம்னா சொல்லவே வேண்டாம். ஒரே இடத்துல வெச்சு வேலை செய்யப் போறீங்கன்னா, அதே காசுக்கு டெஸ்க்டாப் நல்லா குளிரும், பின்னாடி ராமோ கார்டோ மாத்தவும் முடியும். லேப்டாப்தான் வேணும்னா கனமா இருக்கிறதைப் பார்த்து முகம் சுளிக்காதீங்க. சூடு வெளியே போக வழி இருக்கணும் இல்லையா?

நாம செய்ய வேண்டியது

லாம்பர்ட் கண்ணை நம்பி யூகம் பண்ணலை. ரெண்டைப் பக்கத்துல பக்கத்துல வெச்சு, மத்ததெல்லாம் ஒரே மாதிரி ஆக்கி, ஒண்ணை மட்டும் மாத்தி அளந்தார். மெஷின் வாங்கறதுக்கும் அதே வழிதான்.

முதல்ல உங்க சொந்த ஃபைல் ஒண்ணை எடுங்க. நெட்டுல கிடைக்கிற டெமோ வேண்டாம், நீங்க போட்ட வீடுதான். அதே அளவு, அதே கதிர் எண்ணிக்கை வெச்சு உங்க மெஷின்ல ஓட்டுங்க. ஓடறப்போ டாஸ்க் மேனேஜரைத் திறந்து பாருங்க. பிராசஸர் நூறுல நிக்குதா, ராம் நிரம்பிடுச்சா, கார்டு மெமரி தீர்ந்துபோச்சா, இல்லே கார்டு சும்மா உட்கார்ந்திருக்கா? எது மூச்சு முட்டுதோ அதுக்குத்தான் காசு போடணும். ராம் மட்டும்தான் பிரச்சினைன்னா சில ஆயிரத்துல முடிஞ்சிடும், லட்சம் கேக்க வேண்டியதே இல்லை. அப்புறம் அதே ஃபைலை டிபார்ட்மென்ட் லேப்லயும், நண்பனோட மெஷின்லயும் ஓட்டி நிமிஷத்தைக் குறிச்சுக்கோங்க. நீங்க வாங்க நினைக்கிற மாடல் யார்கிட்டயாவது இருந்தா, அடுத்தடுத்து மூணு தடவை ஓட்டச் சொல்லுங்க. மூணாவது தடவை நேரம் கூடிச்சுன்னா அந்த லேப்டாப் சூட்டுக்குத் தோத்துடுச்சுன்னு தெரிஞ்சுக்கலாம்.

காசு கொடுத்து நாம வாங்கறது பெரும்பாலும் நேரத்தைத்தான். அதே ஃபைல், அதே செட்டிங்னா பழைய மெஷின்லயும் அதே படம்தான் வரும். ராத்திரி போட்டுட்டுத் தூங்கினா காலையில இருக்கும். வெளிச்சம் எங்கேயிருந்து வரணும், சுவர் எந்தக் கோணத்துல இருக்கணும்னு தெரியாதவருக்கு எந்த கார்டும் அழகான படம் தராது. அதைத் தெரிஞ்சுக்க ஒரு மெழுகுவர்த்தியும் ஒரு வெள்ளைத் தாளும் போதும். இன்னிக்கு கரண்ட் போனா முயற்சி பண்ணிப் பாருங்க: தாளை மெதுவா சாய்ச்சுக்கிட்டே வாங்க, வெளிச்சம் குறையறது கண்ணுக்கே தெரியும்.

உங்க மெஷின் விவரம், படத்தோட அளவு, கதிர் எண்ணிக்கை, ஆன நிமிஷம், இந்த நாலையும் எழுதி நம்ம இதழுக்கு அனுப்புங்க. அடுத்த இதழ்ல பட்டியலா போட்டுடலாம். ஜூனியர் யாராவது வீட்டுக்கு போன் போடறதுக்கு முன்னாடி அதைப் பார்க்கட்டும்.